கல்லெடுத்த தொட்டி

தொட்டிக்கு மீன் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கக் கூடாது, வாயைப் பார்க்க வேண்டும். வாய் சின்னதாக, முன்னால் குவிந்திருந்தால் அது பாசி மேயும், புழு பொறுக்கும், அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாது. வாய் கண்ணுக்குக் கீழே வரைக்கும் பிளந்திருந்தால் எதிரில் நீந்துகிறதெல்லாம் அதற்குச் சோறுதான். இது புத்தகத்தில் படித்ததில்லை ஐயா. பக்கிங்காம் கால்வாயில் ஒன்பது வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேறு வாரினவன் நான். கடிக்கிற மீன் எது, கடிக்காத மீன் எது என்று என் காலுக்குத் தெரியும்.

ஏரிக்கரையைப் பற்றிக் கேட்டால் மீனைப் பற்றிச் சொல்கிறானே என்று பேனாவை மூடிவிட வேண்டாம். அந்தத் தொட்டி இல்லாவிட்டால் எனக்குக் கரையைப் பற்றிய யோசனையே வந்திருக்காது. எழுதுகிறவரும் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் கங்கையா. சொந்த ஊர் குடிபாலாவுக்குத் தெற்கே, வேலூர்ச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே. எந்தக் கிராமம் எந்த ராஜ்யத்துக்கு என்று பேசித் தீர்ப்பதற்காகச் சித்தூரில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ஸ்பெஷல் ஆபீஸ் திறந்தார்கள் அல்லவா, அதில் அட்டெண்டர். ஆபீசே தற்காலிகம். அதில் நான் இன்னும் தற்காலிகம். காரியம் சுமுகமாக முடிந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லிச் சிபாரிசு எழுதுவதாக ஸ்பெஷல் தாசில்தார் கோவர்த்தனன் ஐயா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஐயா நல்லவர். சத்தம் மட்டும் பொறுக்கமாட்டார். ஆனால் அந்த ஆபீசுக்குச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி ஒரு கூட்டம், தெலுங்குப் பக்கம் சேர்க்கச் சொல்லி ஒரு கூட்டம், இரண்டுக்கும் ஒரே வராந்தா. ஒரு நாள் மைக்கூடு பறந்தது. இன்னொரு நாள் பெஞ்சு. பெஞ்சைத் தூக்கியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று விசாரித்தபோது, அவர் பத்திரம் பதிய வந்தவர், வழி தெரியாமல் உள்ளே நுழைந்தவர் என்று தெரியவந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐயாவின் சம்சாரம் அலர்மேல்மங்கை அம்மா பட்டணத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டில் பார்த்த கண்ணாடித் தொட்டியைப் பற்றிச் சொன்னார்களாம். பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்தவர்கள் மீனைப் பார்த்தபடியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். மற்றதெல்லாம் ஐயா மறந்துவிட்டார். அந்த வாயை மூடிக்கொண்டு என்பது மட்டும் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது.

நாலடி நீளத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, மூன்று தடவை ஒழுகி, மூன்று தடவை பூசி, கடைசியில் தொட்டி வராந்தாவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. தமிழ்க்காரர்கள் இந்தப் பக்கம், தெலுங்குக்காரர்கள் அந்தப் பக்கம், நடுவில் தண்ணீர். வகை வகையான மீன் ஒன்றாக இருக்க வேண்டும், சண்டை கூடாது, ஜனங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஐயா சொன்னார். மீனைப் பற்றித் தெரிந்தவன் யார் என்று கேட்டார். ஆபீசில் இருந்த ஏழு பேரும் என்னைக் காட்டினார்கள். மீன் தின்கிறவன் யார் என்று கேட்டிருந்தாலும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

நான் திருப்பதி போய், சத்தியவேடு வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். இரண்டு மண்பானையில் மீனை விட்டு, வாயில் ஈரக் கோணியைக் கட்டி, பஸ்ஸில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். திருச்சானூரில் இறங்கப்போன ஓர் அம்மாள் பானையைத் தீர்த்தம் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எதற்கு மறுக்க வேண்டும்.

கொண்டுவந்தது இரண்டு வகை. ஒன்று செல்லக்காசு. குழந்தையின் உள்ளங்கை அளவு, மஞ்சள் உடம்பு, விலாவில் கறுப்புப் பொட்டு. இன்னொன்று அதே சாயலில் பெரியது, பச்சைப் பட்டை போட்டது, பாசி மேய்வது. மூன்றாவது வகையை மீன் இலாகா ஆள் ஒருவர் இனாமாகக் கொடுத்தார். சர்க்கார் புதிதாகக் கப்பலில் வரவழைத்துக் குளங்களில் விட்டுக்கொண்டிருந்த ஜிலேபிக் கெண்டை. மூன்றும் ஒரே குலம்தான், இங்கிலீஷில் சிக்லிட் என்பார்கள் என்று அவர் சொன்னார். மற்ற மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் குலம் முட்டையையும் குஞ்சையும் விட்டு நகராமல் காக்குமாம். அதைக் கேட்டபோது நல்ல குணமாகத்தான் பட்டது. தொந்தரவே அதுதான் என்று பிறகு புரிந்தது.

முதலில் போனது சர்க்கார் மீன். வந்த நாலாம் நாள் மணலில் மூலைக்கு மூலை குழி பறித்தது. குழிப் பக்கம் வந்த எல்லாவற்றையும் முட்டியது. செல்லக்காசில் இரண்டு வால் கிழிந்து மிதந்தன. சர்க்கார் சொத்தை வெளியேற்றலாமா என்று ஐயாவைக் கேட்டேன். ஃபைலில் எழுதாமல் செய் என்றார். நானும் வாட்ச்மேனும் குழம்பு வைத்துத் தின்றோம். முள் ஜாஸ்தி.

பெரிய பச்சைப் பட்டை மீன் சாது. இரண்டு மட்டும் வைத்துக்கொண்டேன். செல்லக்காசைப் பொறுக்குவதுதான் வேலையாக இருந்தது. மூன்று விட்டால் இரண்டு சேர்ந்து ஒன்றைக் கொல்லும். ஐந்து விட்டால் எது இளைத்ததோ அதைக் கொல்லும். பன்னிரண்டு விட்டேன். ஆளுக்கொரு கடி விழுந்தது, ஒன்றும் சாகவில்லை. இந்தத் தண்ணீர் அதற்குச் சப்பென்று இருக்கும் என்பதால் வாரத்துக்கு ஒரு பிடி கல்லுப்பு போட்டேன். ஐயாவின் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை குங்குமம் போட்டார்கள். அதில் ஒன்று செத்தது. அதை நான் சொல்லவில்லை.

ஒரு மாசம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மனு கொடுக்க வந்தவர்கள் இரண்டு பக்கமும் குந்தி மீனைப் பார்த்தார்கள். ஐயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒரு ஜோடி சேர்ந்தது. அழகுக்காக நான் போட்டிருந்த தட்டைக் கல் ஒன்றை இரண்டும் வாயாலேயே துடைத்தன. இரண்டு நாள் துடைத்தன. சுத்தமான பிறகு முட்டை வைத்தன. அதற்குப் பிறகு அந்தக் கல்லுக்கு ஒரு முழம் சுற்றளவில் யாரும் வர முடியவில்லை. தன்னைவிட ஆறு பங்கு பெரிய பச்சைப் பட்டை மீனைக்கூட அவை மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. தொட்டியில் பாதி இரண்டு மீனுக்கு, மீதிப் பாதியில் மற்றதெல்லாம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த தமிழ்க்காரர் ஒருவர் அந்த ஜோடி நம்ம பக்கம் என்றார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் முட்டை இருப்பது எங்கள் பக்கம் என்றார். மறுபடியும் பெஞ்சு.

ஜோடியைப் பிடித்து வெளியே போடலாம் என்று வலையை எடுத்தேன். பிறகு யோசித்தேன். இதை எடுத்தால் நாளைக்கு இன்னொரு ஜோடி அதே கல்லைத் துடைக்கும். மீனில் தப்பில்லை. அதனால் கையை விட்டுக் கல்லை எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தில் முட்டைகள் உதிர்ந்தன. சாதுவாக மூலையில் நின்றவை எல்லாம் வந்து கால் மணி நேரத்தில் தின்று முடித்தன. ஜோடி ஒரு நாள் முழுக்கக் கல் இருந்த இடத்தில் நின்றது. மறுநாள் கூட்டத்தோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகு தொட்டியில் ஒரு கடிகூட விழவில்லை. மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு எல்லாம் நடுத்தண்ணீரில் நின்றன. ஐயா என் முதுகில் தட்டினார். நீ வெறும் அட்டெண்டர் இல்லை கங்கையா என்றார். அதுவரை என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

இப்போது ஏரிக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஏரிக்கு மேல்பக்கம் ஊர்க்காரர்களின் நிலம். கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் சேரி, நாற்பது குடிசை. அதற்கும் கீழே வயல். அந்த வயலில் ஒன்றரை ஏக்கர் என் அக்கா செங்கம்மாவுடையது. எங்கள் குலத்தில் எழுதப்பட்ட முதல் பட்டா அது. அந்தக் கரைக்கே மண் சுமந்தவள் அவள். கூடை உட்கார்ந்து உட்கார்ந்து உச்சந்தலையில் முடி முளைக்காத வட்டம் ஒன்று உண்டு. எங்கள் அம்மா செத்த பிறகு அந்தக் கூடையில் சம்பாதித்துத்தான் என்னை வளர்த்தாள்.

ஏரி நிரம்பினால் கலங்கல் என்கிற கல்மேடை வழியாக வழிந்து ஓடிவிடும். கார்த்திகையில் எங்கள் ஆட்கள் அதன்மேல் கல்லை அடுக்கிக் களிமண் அடைத்து ஒரு அடித் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்துவார்கள். அந்த ஒரு அடி இருந்தால் கடைசி வயலான அக்காவின் பயிர் தப்பிக்கும். இல்லாவிட்டால் கருகும். அதே ஒரு அடியில் மேல்பக்கத்து நிலம் கொஞ்சம் முழுகும். ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் ஆள் விட்டுக் கல்லைப் பிடுங்குவார். இவர்கள் அடுக்குவார்கள். இது என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது, வருஷத்துக்கு ஒரு மண்டை உடையும், பொங்கலுக்குள் ஆறிவிடும்.

எல்லைப் பேச்சு வந்ததும் ஆறவில்லை. ஏரி இந்த ராஜ்யத்தில் நிற்கும், கரைக்குக் கீழே அந்த ராஜ்யமாகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அடுத்த ராஜ்யத்து வயலுக்கு எங்கள் தண்ணீர் எதற்கு என்று திருவேங்கடம் கேட்டார். நேற்றுவரை அடுத்த தெருவாக இருந்தது ஐயா, அடுத்த ராஜ்யமாகிவிட்டது. ஐப்பசிக்குள் எங்கள் ஊரிலிருந்து மட்டும் முப்பத்தெட்டு மனு. அதில் பதினாறு அக்கா கைநாட்டு.

பதினேழாவதைக் கொடுக்க அவளே சித்தூருக்கு வந்தாள். கையெழுத்து வாங்கக் காத்திருந்த நேரத்தில் தொட்டி முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடா இது, எல்லாம் மூஞ்சி செத்து நிக்குதுங்க?"

"சண்ட போடலக்கா. சமாதானமாக் கீதுங்க."

"ஒதுங்க ஒரு கல்லுகூட இல்ல. இதுக்குப் பேரு சமாதானமாடா நைனா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்குக் கலங்கல் மேல கல்லு நிக்கணும். ஒரே ஒரு அடி. அத்த மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லு உங்க ஐயாவ. எந்த ராஜ்யத்துல வோணா என்னைப் போட்டுக்கினு போகட்டும்."

பக்கத்தில் நின்ற திருவேங்கடத்தின் ஆள் ஒருவன் என்னமோ முணுமுணுத்தான். அக்கா பதில் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுதவேண்டாம். வராந்தா முழுக்க எழுந்து நின்றது. ஐயா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, பெரிய ஆபீசர் பத்து நாளில் கிராமங்களைப் பார்வையிட வருகிறார், ஜாபிதாவில் எல்லாக் கிராமத்தின் பெயருக்கும் எதிரில் சச்சரவு இல்லை என்று எழுதியாகிவிட்டது, உங்கள் ஊர் ஒன்றுதான் பாக்கி என்றார். "உன் ஊர், உன் அக்கா. நீதான் ஏதாவது செய்யணும். தொட்டியைச் சரிபண்ணலையா?" என்றார்.

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். யோசனை முழுக்க என்னுடையது. இந்தப் பக்கம் ஆளைத் தூக்கினால் அந்தப் பக்கம் ஆள் மிஞ்சும். அந்தப் பக்கம் தூக்கினால் இந்தப் பக்கம். திருவேங்கடம் போனால் மகன் வருவார். இத்தனை வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் காவல் போட்டும் புத்தி சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. மனுஷர்களில் தப்பில்லை ஐயா. அங்கே தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். அது நிற்காவிட்டால் எதற்காகச் சண்டை போடுவார்கள்?

திருச்சானூரில் பஞ்சமி தீர்த்தம். ஆபீசுக்கு லீவு. ஐயா குடும்பத்தோடு குளத்தில் முழுகப் போயிருந்தார். நான் காலையிலேயே பத்து இட்லி கட்டிக்கொண்டு குடிபாலாவுக்கு பஸ் ஏறினேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி நேரம். தூறல். ஏரி விளிம்புவரை நின்றது. நான் பார்த்த வருஷங்களில் அவ்வளவு தண்ணீர் நின்றதில்லை.

அக்கா கலங்கல் பக்கத்தில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் எல்லாரும் கரும்பு வெட்டப் போயிருந்ததால் மூன்று நாளாக அவள்தான். கண் உள்ளே போயிருந்தது. இட்லியைப் பிரித்துக் கொடுத்தேன். ஆறு தின்றாள். நாலை எனக்கென்று தள்ளி வைத்தாள்.

"நீ போய்ப் படுக்கா. நான் பாத்துக்கறேன்."

"நெஜமாவா? அவனுங்க வந்தா கல்லப் புடுங்கிடுவானுங்கடா."

"ஒருத்தனும் கல்லத் தொடமாட்டான். நான் கீறேன் இல்ல."

அட்டெண்டர் வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் சேரிப் பக்கம் அதிகமாக வந்ததில்லை. அதனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். தலையில் இருந்த கோணியை எடுத்து என் தலையில் போட்டாள். நனையாதே என்றாள். படியிறங்கித் தன் குடிசைக்குப் போனாள். கதவுத் தட்டியைச் சாத்துகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. கலங்கல் மேல் அடுக்கிய கல்லில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. நீங்கள் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் வைத்தபடியே இருக்கும். நான் வெட்டியது அங்கிருந்து நாற்பது தப்படி தள்ளி, மண்கரையில். அவள் மண்வெட்டியே அங்கே கிடந்தது. சேறு வாரினவனுக்குக் கரை எப்படிப் போகும் என்று தெரியும். முழுக்க வெட்ட வேண்டியதில்லை. ஒரு முழம் அகலத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கிழித்தால் போதும். மிச்சத்தைத் தண்ணீர் தானே வெட்டிக்கொள்ளும். அரை மணி நேர வேலை. பிறகு நான் கரையோடு நடந்து ஊர்ப்பக்கத்து மேட்டில் ஏறி நின்றேன். காக்கிச் சட்டை போட்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருவேங்கடம் வீட்டு வாசலில் ஒருவர் எந்த ஆபீஸ் என்றுகூட மரியாதையாக விசாரித்தார்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு கரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு சேரி என்ன ஆனது என்பதை நீங்களே வந்து பார்த்தீர்கள். பதினோரு பேர். கிழவிகள், கைக்குழந்தைகள், என் அக்கா. நான் யாருடைய சாவையும் நினைக்கவில்லை. சண்டைக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது தண்ணீரின் இஷ்டம்.

பெரிய ஆபீசர் வந்தார். காய்ந்த ஏரியைப் பார்த்தார். இங்கே என்ன தகராறு என்று தெலுங்கில் கேட்டார், தமிழில் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மிஞ்சின சேரி ஜனங்கள் பலமனேர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயருக்கு எதிரில் சச்சரவு இல்லை என்று ஐயா எழுதினார். என் சிபாரிசும் அதே தபாலில் போனது.

அப்படியிருக்க ஏன் நானாக வந்து சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். கரையை வெட்டியது திருவேங்கடத்தின் ஆட்கள் என்று நாலு பேரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் சேரிக்காரர்களே வெட்டினார்கள் என்கிறார்களாம். பலமனேரிலிருந்து எங்கள் ஆட்கள் கழியோடு கிளம்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் அடங்கின பிறகு வீணாக மறுபடியும் ஒரு கலவரம் எதற்கு. வெட்டியது நான். பதினோரு பேரும் என் கையால்தான். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். அக்காவைப் பள்ளத்துக் குடிசைக்கு அனுப்பாமல் மேட்டுக்கு அனுப்பியிருக்கலாமே, நூறு தப்படிதானே என்று. வெட்டுவதற்கு முன்னால் அதையும் யோசித்தேன். மேட்டில் இருப்பது ஊர்த்தெரு ஐயா. எங்கள் பொம்பளை அங்கே போய்ப் படுத்தால் சண்டை வரும்.